வயல் மீஞ்சூரில், குறுஞ்செய்தி காலடிப்பேட்டையில்

(காலடிப்பேட்டையில் மின்-சேவைகள் குறித்து நடந்த குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியது. இதழ் வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் பெரிசு. 'கிராமப்புற டிஜிட்டல்மயமும் வேளாண்மையின் கார்பன் திறனும்'. படிச்சதும் எனக்கே கொட்டாவி வந்தது, உங்களைக் குறை சொல்ல முடியாது. அதனால ஒரு கேள்வியில ஆரம்பிக்கிறேன். உங்கள்ல எத்தனை பேருக்கு ஊர்ல இன்னும் நிலம் இருக்கு? உங்க பேர்ல இல்லேன்னாலும் அப்பா, சித்தப்பா, மாமனார் பேர்ல?

பாதிக்கு மேல கை தூக்கியிருக்கீங்க. சரி, அடுத்த கேள்வி. அந்த நிலத்தைப் பத்தி வர்ற எஸ்.எம்.எஸ்., ஓ.டி.பி. எல்லாம் யாரோட போனுக்கு வருது?

சிரிக்கிறீங்க. இந்தச் சிரிப்பைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

எங்க பெரியப்பாவுக்கு மீஞ்சூரைத் தாண்டி ஒரு கிராமத்துல மூணு ஏக்கர் நெல்லு. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு தண்ணி இருக்கிறதைப் பொறுத்து நடுவாரு. அவர் பையன், எங்க அண்ணன், இங்கே காலடிப்பேட்டையிலதான் குடியிருக்கான். கன்டெய்னர் யார்டுல வேலை. பெரியப்பாகிட்ட இருக்கிறது பட்டன் போன். அதனால ஆதார்ல இருந்து பி.எம். கிசான் வரைக்கும் எல்லாத்துலயும் அண்ணன் நம்பர்தான் பதிவாகியிருக்கு.

போன வருஷம் பெரியப்பா வயல்ல மண் மாதிரி எடுத்துட்டுப் போனாங்க. பரிசோதனை முடிவு வந்தது. எங்கே வந்தது? அண்ணன் போனுக்கு. ஆபர், லோன், ரீசார்ஜ் மெசேஜுக்கு நடுவுல அது மூணு வாரம் படிக்காமலே கிடந்தது. அண்ணன் அதைத் திறந்து பார்க்கும்போது நடவு முடிஞ்சு, அடியுரமும் போட்டு, முதல் மேலுரமும் போட்டாச்சு. எப்பவும் போடற அதே கணக்கு: ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., மொத்தத்துல மூணு மூட்டை யூரியா. மண் பரிசோதனை சொன்னது, யூரியா ரெண்டு மூட்டைக்கும் கொஞ்சம் கம்மி.

யார் மேல தப்பு? மண்ணை எடுத்தவங்க வேலையைச் செஞ்சாங்க. ஆய்வகம் செஞ்சது. சர்வர் எஸ்.எம்.எஸ். அனுப்பிச்சு. நெட்வொர்க் கொண்டு வந்து சேர்த்தது. கடைசி முப்பது கிலோமீட்டர், அதாவது அண்ணன் போன்ல இருந்து பெரியப்பா காதுக்கு, அது மட்டும் நடக்கலை.

அந்த ஒரு மூட்டை அதிகம் போனதுல என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். காசுக் கணக்குப் பார்த்தா பெரிசா ஒண்ணுமில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மையான விலை அதைப்போலப் பல மடங்கு. மீதியை மத்திய அரசு மானியமா ஏத்துக்குது. விலை இவ்வளவு மலிவா இருக்கிறதாலதான் 'எதுக்கும் இன்னொரு மூட்டை இருக்கட்டும்'னு கை போகுது. கார்பன் கணக்குல பார்த்தாதான் அந்த மூட்டையோட கனம் தெரியும்.

கார்பன் திறன்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். உங்க வண்டிக்கு மைலேஜ் பார்க்கிறீங்கல்ல, அதே மாதிரிதான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு பார்க்கிற மாதிரி, காத்துல கலக்கிற ஒரு கிலோ வெப்ப வாயுவுக்கு எத்தனை கிலோ நெல்லு கிடைக்குதுன்னு பார்க்கிறது. புகையைக் குறைச்சாலும் மைலேஜ் கூடும், விளைச்சலைக் கூட்டினாலும் கூடும். விளைச்சல் விழுந்தா எல்லாம் போச்சு. 2021-ல இலங்கையில ரசாயன உரத்தை ஒரேயடியா தடை பண்ணினாங்க. நெல் விளைச்சல் படுத்துது. அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே தடையை வாபஸ் வாங்க வேண்டி வந்தது. அதனால நான் உரமே வேண்டாம்னு சொல்ல வரலை. பயிர் எடுத்துக்காத உரம் வேண்டாம்னுதான் சொல்றேன்.

இப்போ அந்த மூட்டைக்கு வருவோம். அது எங்கேயோ தூரத்துல பிறந்தது இல்லீங்க. இங்கிருந்து மணலிக்கு எவ்வளவு தூரம்? அங்கே இருக்கிற மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ், 1966-ல தொடங்கின பொதுத்துறை நிறுவனம், யூரியா செய்யுது. 'விஜய்'னு பேர் போட்ட மூட்டையை ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீங்க. முன்னாடி நாப்தாவை வெச்சு செஞ்சாங்க. 2019-ல இயற்கை எரிவாயுவுக்கு மாறினாங்க. அதே வருஷம்தான் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல திரவ எரிவாயு முனையமும் திறந்தாங்க.

யூரியா செய்யறதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. எரிவாயுவுல இருந்து அம்மோனியா செய்யும்போது கரியமில வாயு வருது. அந்த வாயுவையே பிடிச்சு, அம்மோனியாவோட சேர்த்துத்தான் யூரியா ஆக்கறாங்க. பரவாயில்லையே, வாயுவைப் பிடிச்சுட்டாங்கன்னு தோணும். ஆனா அந்த யூரியா வயல்ல கரைஞ்ச உடனே, பிடிச்ச வாயு அப்படியே வெளியே வந்துடுது. மணலியில மூட்டை கட்டின கரியமில வாயு மீஞ்சூர் வயல்ல அவிழ்ந்துடுது, அவ்வளவுதான். ஒரு 45 கிலோ மூட்டையில இது 33 கிலோ.

அதோட நிக்கலை. யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். அதுல ஒரு சின்னப் பங்கு மண்ணுல நைட்ரஸ் ஆக்சைடுங்கற வாயுவா மாறுது. சின்னப் பங்குதான், ஆனா அது கரியமில வாயுவை விட 273 மடங்கு சூடேத்தும். தண்ணி நிக்கிற நெல் வயல்ல ஒரு மூட்டைக்கு இது இன்னொரு 25-லிருந்து 35 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மேட்டு நிலப் பயிர்னா இதை விட ரொம்ப அதிகம். இதெல்லாம் ஐ.பி.சி.சி.ன்னு சொல்ற ஐ.நா. காலநிலைக் குழுவோட சராசரி அளவை வெச்சுப் போட்ட கணக்கு, வயலுக்கு வயல் மாறும். ஆக, பெரியப்பா அதிகமாப் போட்ட ஒரு மூட்டை வயல்ல மட்டும் சுமார் 60 கிலோ. தொழிற்சாலையில செலவான எரிவாயுவை நான் இதுல சேர்க்கவே இல்லை.

60 கிலோன்னா உங்களுக்குப் பிடிபடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ. அப்போ ஒரு மூட்டை யூரியா கிட்டத்தட்ட 26 லிட்டர் பெட்ரோல். ஏக்கருக்கு ஒண்ணுன்னு மூணு மூட்டை, படிக்காம விட்ட ஒரே ஒரு எஸ்.எம்.எஸ்.

இந்தக் கணக்கைப் போட்டப்புறம் எனக்கு ஒரு எண்ணம் மாறிச்சு. டிஜிட்டல் சேவையால கார்பன் குறையுதுன்னு சொன்னா நாம வழக்கமா என்ன சொல்வோம்? பட்டா ஆன்லைன்ல கிடைக்குது, தாலுகா ஆபீசுக்கு அலைச்சல் இல்லை, பெட்ரோல் மிச்சம். நானும் அப்படி எழுதியிருக்கேன். பொய் இல்லை, ஒரு நடை மிச்சமானா ஒரு லிட்டர் மிச்சம், 2.3 கிலோ. நல்லதுதான். ஆனா பெரிய தொகை அங்கே இல்லை. வயலுக்குள்ள ஒரு முடிவு மாறினாதான் பெரிய தொகை குறையும். எத்தனை மூட்டை, எப்போ தண்ணி, எவ்வளவு நேரம் மோட்டார். சீனாவுல இதைப் பத்தி மாகாணம் மாகாணமா அளந்து நிறைய ஆய்வு வந்திருக்கு. டிஜிட்டல் வசதி கூடின இடத்துல கார்பன் திறனும் கூடியிருக்குன்னுதான் பெரும்பாலும் சொல்றாங்க. நம்ம ஊர்ல வசதி வந்துடுச்சு. அது வயலுக்குள்ள இறங்குதாங்கறதுதான் கேள்வி.

உரக்கடையை எடுத்துக்குங்க. 2018 மார்ச்ல இருந்து நாடு முழுக்க உரம் பி.ஓ.எஸ். கருவி மூலமாத்தான் விக்கிறாங்க. ஆதாரைக் காட்டி விரல் வெச்சாத்தான் மூட்டை. கடையில வித்துப் பதிவானப்புறம்தான் கம்பெனிக்கு மானியம். கள்ளத்தனமா வேற வேலைக்குப் போற யூரியாவைப் பிடிக்க இது உதவற ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனா அந்தக் கருவி மூட்டையை எண்ணுது. 'இது உங்க மண்ணுக்கு அதிகம்'னு அது சொல்லாது. அதைச் சொல்றது மண்வள அட்டை. ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய மனுஷன் யாருன்னா, போன் வெச்சிருக்கிற நீங்கதான்.

அடுத்து மோட்டார். இது எங்க வீட்டுக் கதை, பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, பரவாயில்லை.

செல்போன்ல இருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தற கருவியை வேளாண் பொறியியல் துறை மானியத்துல கொடுக்குது. ராத்திரியில பாம்பு, தேளுக்குப் பயந்துக்கிட்டு டார்ச் அடிச்சுக்கிட்டு வரப்புல நடக்க வேண்டாம். பெரியப்பா அதை வாங்கினதே அதுக்காகத்தான். பட்டன் போன்ல இருந்தே வேலை செய்யும். ஒரு நாள் இங்கே வடிவுடையம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்கு வந்தாரு. வர்ற வழியில போன்லயே மோட்டாரைப் போட்டாரு. நம்ம வீட்டுல சாப்பாடு, பேச்சு, அப்படியே தூங்கிட்டாரு. மோட்டார் தூங்கலை. மறுநாள் காலையில பெரியம்மா போன் பண்ணி, 'வாய்க்கால் தாண்டிப் பக்கத்து வயலுக்கும் நாமதான் பாய்ச்சியிருக்கோம்'னு சொன்னாங்க.

5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 4 யூனிட். இந்தியாவுல ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியா 0.7 கிலோ கரியமில வாயு. பத்து மணி நேரம் ஓடினா 28 கிலோ. விவசாய மின்சாரம் நம்ம மாநிலத்துல இலவசம், சுமார் 23 லட்சம் இணைப்பு இருக்கு. விவசாயிக்கு அது பெரிய கைத்தாங்கல், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா பில் வராததால, மறந்து போனது யாருக்கும் தெரியாமலே போயிடும். வாசல்ல மோட்டார் சத்தம் கேட்டா நிறுத்துவோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தா கேட்காது. டிஜிட்டல் கருவி கார்பனைக் கூட்டவும் செய்யும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது இங்கேதான்.

அந்த 28 கிலோவுல ஒரு பங்கு எங்கே கிளம்பியிருக்கும்? அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தோட சிம்னியை எண்ணூர் பக்கம் போறவங்க தினம் பார்க்கறீங்க. தண்ணிக் கணக்கு தனி. மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்து, கடல் தண்ணி உள்ளே ஏறினது பழைய, பெரிய சோகம். அங்கே வீணா இறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ரெண்டு பக்கமும் செலவு.

சரி, இதே கருவியால நல்லது நடக்காதா? நடக்கும். இதுவரைக்கும் சொன்ன எல்லாத்தையும் விடப் பெரிய கணக்கு இங்கேதான் இருக்கு.

நெல் வயல்ல எப்பவும் தண்ணி தேங்கி நின்னா, அடிச் சேத்துல காத்து போகாது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் மீத்தேன் விடும். ஐ.பி.சி.சி.யோட தெற்காசிய சராசரிப்படி, ஒரு ஏக்கர்ல ஒரு போகத்துக்கு வர்ற மீத்தேன், கரியமில வாயுக் கணக்குல ஏறத்தாழ ஒரு டன்னை நெருங்கும். டன், கிலோ இல்லை. வயலை விட்டு விட்டுக் காயவிட்டா இது கிட்டத்தட்டப் பாதியாகுது. இதுக்கு ஆங்கிலத்துல பெரிய பேர் எல்லாம் இருக்கு. நம்ம பெரியவங்க 'காய்ச்சலும் பாய்ச்சலும்'னு எப்பவோ சொல்லி வெச்சுட்டாங்க.

எப்போ பாய்ச்சறதுன்னு கண்டுபிடிக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போதும். அடிப்பாகத்துல சுத்தி ஓட்டை போட்டு வயல்ல பதிச்சுடணும், உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துடணும். தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே வரைக்கும் தண்ணி இறங்கறதைக் குழாய்ல பார்க்கலாம். அப்போ மறுபடி பாய்ச்சினா போதும். பயிர் வாடாது, வேருக்கு அங்கே ஈரம் இருக்கும். நட்ட முதல் சில நாளும், பூக்கிற சமயத்துலயும் மட்டும் காயவிடக் கூடாது, தண்ணி நிக்கணும். ஏரிப் பாசனம், வாய்க்கால் முறைன்னு தண்ணி நம்ம கையில இல்லாத இடத்துல இது கஷ்டம். போர் வெச்சு, மோட்டார் ஸ்விட்ச் கையில இருக்கிறவருக்கு இது ரொம்ப சுலபம்.

ஒண்ணு மட்டும் கவனம். வயலைக் காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். யூரியாவும் அதிகம், காய்ச்சலும் உண்டுன்னா ஒரு கையால சேர்த்ததை இன்னொரு கையால விட்ட மாதிரி. ரெண்டையும் சேர்த்துத்தான் செய்யணும்.

யூரியாவுக்கு இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு இருக்கு. செயலி இல்லை, சார்ஜ் வேண்டாம், பச்சையில பல ஷேடு போட்ட பிளாஸ்டிக் அட்டை. டிஜிட்டல் சேவை பத்திப் பேச வந்துட்டு பிளாஸ்டிக் அட்டையைப் புகழ்றேன், ஆனா இது நல்ல பொருள். நட்ட 14-ஆம் நாள்ல இருந்து வாரம் ஒரு தடவை இலையை அட்டையோட ஒப்பிடணும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3, மத்த ரகங்களுக்கு 4. நிறம் அதுக்குக் கீழே இறங்கினா மட்டும் யூரியா. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இது. இலை கரும்பச்சையா இருந்தா நல்ல பயிர்னு நாம நினைக்கிறோம். புகையான் பூச்சிக்கும் அப்படிப்பட்ட பயிர்தான் பிடிக்கும். அப்புறம் மருந்து, அதுக்கு வேற செலவு.

இப்போ இந்த ஊருக்கு வர்றேன். 'இது விவசாயி விஷயம், நாங்க ஹார்பர் ஜனம், எங்களுக்கென்ன'ன்னு ஒருத்தர் பின்னாடி மெதுவா கேட்டாரு. நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 26 ராத்திரி யாருக்கும் மறந்திருக்காது. பெரியகுப்பம் கடலோரத்துல, கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அம்மோனியா கசிஞ்சு, ஜனங்க மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அந்த அம்மோனியா உரம் செய்யத்தான் வந்துக்கிட்டிருந்தது. நாட்டுக்கு உரம் வேணும், அதைச் செய்யற இடத்துல நாம குடியிருக்கோம். செய்யற இடத்துல பாதுகாப்பைக் கேட்கறது நம்ம உரிமை. அது ஒரு பக்கம். இவ்வளவு ஆபத்தையும் புகையையும் தாண்டிப் போற மூட்டை, வயல்ல பயிருக்குப் போகாம வீணாப் போகுதேங்கறது இன்னொரு பக்கம். எங்க பெரியப்பா மூணு மூட்டை குறைச்சா மணலி சிம்னியில ஒண்ணும் தெரியாது, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா சிம்னியைப் பார்த்துக்கிட்டு வாழறவங்க வீட்டு வயல்லயே வீணாச்சுன்னா, எனக்கு மனசு ஒப்பலை.

அதனால போனை எடுங்க. இப்பவே எடுக்கலாம். 'உழவன்' செயலி, 2018-ல இருந்து இருக்கு, தமிழ்லயே இருக்கு. அதுல ஊர் நிலத்துக்குப் பதிவு இருக்கா, எந்த நம்பர்ல இருக்குன்னு பாருங்க. வானிலை, பக்கத்து கடையில உர இருப்பு, வாடகைக்கு இயந்திரம், மானிய விவரம் எல்லாம் அதுலயே வரும். 'தமிழ் மண்வளம்' இணையதளத்துல சர்வே நம்பரைப் போட்டா அந்த மண்ணோட சத்து நிலையும் உரப் பரிந்துரையும் பார்க்கலாம். சர்வே நம்பர் தெரியலேன்னா பட்டாவுல இருக்கு. விவசாயிகளுக்கான தனி அடையாள எண் இன்னும் வாங்கலேன்னா பொதுச் சேவை மையத்துல பதிஞ்சுடுங்க, ஆதார்ல இணைச்ச நம்பருக்கு ஓ.டி.பி. வரும். அந்த நம்பர் உங்களுதுன்னா, ஊர்ல அப்பா மையத்துல காத்திருக்கும்போது தயவுசெஞ்சு போனை எடுங்க. எத்தனையோ பேர் ஓ.டி.பி.க்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்திருக்கேன்.

பரிந்துரை வந்தா அதை பார்வர்ட் பண்ணிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பட்டன் போன்ல பி.டி.எப். திறக்காது. கூப்பிட்டுச் சொல்லுங்க. எப்படிச் சொல்றதுங்கறதும் முக்கியம். எங்க அண்ணன் முதல்ல, 'அப்பா, நீங்க தப்பா போடறீங்க'ன்னு ஆரம்பிச்சான். 'நாற்பது வருஷமா நான் போடறேன், நீ கன்டெய்னரைப் பாரு'ன்னு போனை வெச்சுட்டாரு. அப்புறம் பெரியம்மாதான் வழி சொன்னாங்க. மூணு ஏக்கர்ல ஒரு ஏக்கருக்கு மட்டும் அட்டைப்படி போடட்டும், மத்த ரெண்டுக்கும் அவர் இஷ்டம். மூட்டை எண்ணிக்கை எழுதி வெச்சு, அறுப்புல எடை பார்க்கலாம்னு.

இப்போ நடக்கிறது இதுதான். அந்த ஒரு ஏக்கர்ல குழாய் பதிச்சிருக்காங்க. சாயங்காலம் பெரியம்மா பக்கத்து வீட்டுப் பொண்ணோட போன்ல குழாயைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடறாங்க. அண்ணன் பார்த்துட்டு பெரியப்பாவைக் கூப்பிடறான். மோட்டார்ல இப்போ நேரக் கட்டுப்பாடு வெச்சாச்சு, ரெண்டு மணி நேரத்துல தானா நின்னுடும். அந்த ஏக்கர் பயிர் கொஞ்சம் வெளுப்பா இருக்குன்னு பெரியப்பா தினம் ஒரு தடவை புலம்பறாரு. நவரை அறுப்பு இன்னும் வரலை, எடை போட்டாத்தான் தெரியும். மண் பரிசோதனை மெசேஜ் வர்ற நம்பருக்கு மட்டும் அண்ணன் போன்ல தனி ரிங்டோன் வெச்சிருக்கான்.